குதிரில் கொட்டிய சீமை மருந்து

கெடாருக்கு மேற்கே சேரி முடிந்து பனந்தோப்பு தொடங்கும் இடத்தில் சவுரிராயனின் வீடு இருந்தது. அந்த வீட்டில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியவை இரண்டு. ஒன்று மாதா படம், மற்றது லைசென்ஸ். மாதாவுக்குப் பூ வைப்பது அவர் மனைவி ஜெயத்தின் வேலை. லைசென்ஸைத் துடைப்பது அவர் வேலை. இரண்டில் எது அதிகம் பளபளக்கிறது என்று பங்குச் சாமியார் ஒருமுறை பார்த்தார். மாதாவின் சட்டத்தைத் தன் அங்கியால் துடைத்துவிட்டுப் போனார்.

லைசென்ஸ் வந்த கதை சுருக்கமானது. விழுப்புரம் ஜங்ஷனில் வேலை பார்த்த ரயில்வே என்ஜினீயர் துரை ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கழுவேலி ஏரிக்குத் தாரா வாத்து சுடப் போவார். அவருக்குத் துப்பாக்கி தூக்கியவர் சவுரிராயன். சுட்டுத் தீர்ந்த பித்தளைத் தோட்டாக்களைப் பொறுக்கி வந்து, அடியில் வெடித்துப்போன மூடியைத் தட்டி எடுத்துவிட்டுப் புது மூடி அடித்து, வெடிமருந்து, அட்டை, ஈய ரவை, மறுபடி அட்டை என்று நிரப்பி அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தயாராக வைப்பதும் அவர்தான். 1937-இல் துரை சீமைக்குத் திரும்பியபோது நிரப்பும் கருவிகளை அவரிடமே விட்டுவிட்டு, திண்டிவனம் சப் கலெக்டரிடம் சிபாரிசும் செய்துவிட்டுக் கப்பலேறினார். துப்பாக்கி வைத்திருக்கும் குடியானவர்களுக்குத் தோட்டா நிரப்பிக் கொடுக்கலாம், அதற்கு வேண்டிய மருந்தை வாங்கி வைக்கலாம் என்று சர்க்கார் எழுதிக் கொடுத்த காகிதம் அப்படித்தான் சேரிக்குள் வந்தது.

சவுரிராயனின் அப்பா கெடார் தாண்டவராயன் வீட்டுப் படியாள். அப்பாவின் அப்பாவும் அதே வீட்டில்தான் உழைத்துச் செத்தார். இப்போது செஞ்சி மலைப் பக்கமிருந்து பன்றிகள் இறங்கிக் கடலைக்காக மல்லாட்டைக் கொல்லையைப் புரட்டிப் போட்டால், தோட்டாவுக்காகத் தாண்டவராயன் சேரித் தெருவுக்குள் நடந்து வந்தாக வேண்டும். வந்தார். வீட்டுக்குள் நுழையமாட்டார், தண்ணீர் குடிக்கமாட்டார். ஆனாலும் ‘டேய்’ போய் ‘சவுரிராயா’ என்று முழுப்பெயர் அவர் வாயில் வந்திருந்தது. வருஷக் கடைசியில் திண்டிவனம் போய் லைசென்ஸைப் புதுப்பித்து வரும்வரை சவுரிராயனுக்குச் சோறு இறங்காது. புதுப்பிக்கவில்லை என்றால் மறுநாள் காலை தாண்டவராயன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் போய் நிற்க வேண்டியதுதான். இது சவுரிராயனுக்குத் தெரியும். தாண்டவராயனுக்கும் தெரியும்.

அவர் விற்றது சீமை மருந்துத் தோட்டா. ஊரில் அதுவரை இருந்தது கரி மருந்து. கரி மருந்தில் சுட்டால் எதிரே புகை சுவர் மாதிரி எழும்பி நிற்கும். பன்றி விழுந்ததா, இல்லை நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறதா என்பது புகை கலைந்த பிறகுதான் தெரியவரும். சீமை மருந்தில் புகையே கிடையாது. முதல்முறை சுட்டுப் பார்த்த தாண்டவராயன் மிச்சத் தோட்டாக்களைத் திருப்பிக் கொண்டுவந்தார். புகை வரவில்லை, நீ மருந்தே போடவில்லை என்பது அவர் புகார். பன்றி விழுந்ததா என்று சவுரிராயன் கேட்டார். விழுந்தது, ஆனால் புகை வரவில்லையே என்றார் தாண்டவராயன். மனம் மாற அவருக்கு ஒரு வெள்ளாமைக் காலம் பிடித்தது. அதற்குப் பிறகு வேறு தோட்டாவை அவர் கையால் தொடவில்லை.

1939-இல் சண்டை வந்தது. மருந்து வாங்கப் பட்டணம் போன சவுரிராயனிடம் கடைக்காரர், இனிமேல் கப்பல் வருமா என்பது கப்பலுக்கே தெரியாது என்றார். சவுரிராயன் ஊருக்குத் திரும்பி, இரண்டு பசுவையும் கன்றையும் விற்றுவிட்டுப் பர்மிட்டும் வாங்கிக்கொண்டு மறுபடி போனார். பர்மிட் அனுமதித்த அளவு முழுவதையும், ஒரு டஜன் பெரிய தகர டப்பாக்கள், மொத்தமாக வாங்கிவிட்டார். ஒவ்வொரு டப்பாவின் மேலும் பறக்கும் தாராவின் படம், அடியில் ஒரு நம்பர். டப்பாக்கள் ரயிலில் விழுப்புரம் வந்தன. அங்கிருந்து மாட்டு வண்டி. வண்டிக்காரரின் வாயில் சுருட்டு இருந்தது. அதைக் கீழே போடச் சொல்லி அரை மணி நேரம் கெஞ்சிய பிறகு, அவர் நெருப்பை மட்டும் தட்டிவிட்டுச் சுருட்டை வாயிலேயே வைத்துக்கொண்டார். கெடார் வரை சவுரிராயன் வண்டியைப் பார்க்கவே இல்லை. சுருட்டைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தார்.

மருந்தை வீட்டில் வைக்கக் கூடாது என்பது லைசென்ஸின் நிபந்தனை. அதனால் பனந்தோப்புக்குள் தனியாக மண் சுவர் எழுப்பி ஓர் அறை கட்டினார். இரும்பு உரசினால் பொறி வரும் என்று ஆணிகூட அடிக்காமல் மர முளையாகவே வைத்தார். நிபந்தனைப்படி கூரைமேல் சிவப்புக் கொடி கட்டினார். விழுப்புரத்திலிருந்து ஒரு ஏட்டு வந்து இது எந்தக் கட்சி என்று விசாரித்துவிட்டுப் போனார். கார்த்திகை வந்தால் ஊர்ப் பையன்கள் பனம்பூக் கரியைத் துணியில் கட்டிக் கொளுத்தி மாவளி சுற்றுவார்கள். நெருப்புப் பொறி வட்டம் வட்டமாகப் பறக்கும். சவுரிராயன் வீடு வீடாகப் போய், தோப்புப் பக்கம் வேண்டாம், ஏரிக்கரையில் சுற்றுங்கள் என்று கும்பிட்டுவிட்டு வருவார். வேதக்காரன் நம் பண்டிகையைக் கெடுக்கிறான் என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தவர் மறு வருஷம் ஐப்பசி மழையில் தவறு செய்தார். அறைக்குள் ஓதம் ஏறியது. டப்பாக்களின் அடி துருப்பிடிக்க ஆரம்பித்தது. நனைந்த மருந்து நனைந்த வைக்கோலுக்குச் சமம் என்று துரை சொல்லியிருந்தார். டப்பாவைத் திறக்காதே என்றும் அவரேதான் சொல்லியிருந்தார். துரையின் பேச்சில் சவுரிராயன் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். ஓதம் படாமல், எலி தொடாமல் வருஷக்கணக்கில் ஒரு பொருளைக் காப்பாற்ற அவர் கண்ணால் பார்த்திருந்த வழி ஒன்றுதான். தாண்டவராயன் வீட்டில் ஆளுயரத்துக்கு வரிசையாக நின்ற தானியக் குதிர்கள். அப்படி ஒன்றைத் தன் வீட்டிலும் நிறுத்த வேண்டும் என்ற ஆசை அவருக்கு எப்போதிலிருந்தோ இருந்தது. போட்டு வைக்கத் தானியம்தான் இல்லை.

குதிர் போடுகிற வீரம்மாளைக் கூப்பிட்டு, அறைக்குள் மண் குதிர் ஒன்று போடச் செய்தார். அது காய்ந்ததும் ஒரு டஜன் டப்பாவையும் திறந்து கொட்டினார். சீமை மருந்து சிவந்த பழுப்பில் பொடிப்பொடியாக, களத்தில் புடைத்து எடுத்த கேப்பை மாதிரியே இருந்தது. வண்டு பிடிக்காமலிருக்கக் காய்ந்த வேப்பிலையும் போட்டார். மருந்தை வண்டு தின்னாதே என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. குதிர் என்றால் வேப்பிலை போடுவதுதான் முறை.

ஜெயம் வாசலில் நின்று பார்த்தாள். “நம்ம வம்சத்துலயே மொதக் குதிரு,” என்றாள். “அதுலயும் கஞ்சி காச்ச ஆவாத ஒண்ணக் கொட்டி வெச்சிக்கினு நிக்கிறியேய்யா.”

காலி டப்பாக்களை ஜெயம் எடுத்துக்கொண்டாள். புளிக்கு ஒன்று, மிளகாய்க்கு ஒன்று. அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தாள். குதிர் போட்ட கூலியில் பாதிக்கு வீரம்மாள் இரண்டு வாங்கிக்கொண்டாள். போகும்போது கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டும் போனாள். செவசெவ என்று கேப்பை, கழுத்து வரைக்கும் இருக்கிறது என்று அன்றைக்கே கிணற்றடியில் பேச்சாகிவிட்டது. பொறாமையில் சிலர் சவுரிராயனோடு பேசுவதைக்கூட நிறுத்தினார்கள்.

1943-இல் அரிசி ரேஷனுக்குப் போய், பிறகு ரேஷனிலிருந்தும் போய்விட்டது. தானியம் பதுக்கியவர்களைத் தேடி ரெவின்யூ இன்ஸ்பெக்டர் மாசிலாமணி ஊர் ஊராகக் குதிர்களைக் குத்திப் பார்த்துக்கொண்டு வந்தார். கெடாரில் யாரோ காதில் போட்டார்கள். ஒரு காலைநேரம் இன்ஸ்பெக்டர், தலையாரி மாரியப்பன், காலிச் சாக்குகளோடு ஒரு வண்டி, பின்னால் பாதி ஊர் என்று பனந்தோப்புக்குள் வந்து நின்றார்கள். மாரியப்பன் உதட்டில் பீடி புகைந்துகொண்டிருந்தது.

சவுரிராயன் ஓடிவந்து முதலில் பீடியைப் பிடுங்கி மண்ணில் தேய்த்தார். சர்க்கார் ஆளின் பீடியைப் பிடுங்கியவன் நிச்சயம் எதையோ மறைக்கிறான் என்று இன்ஸ்பெக்டருக்குப் புரிந்துவிட்டது. கதவைத் திறக்கச் சொன்னார். குதிரின் அடி மூடியைத் தானே பிடுங்கினார். சரசரவென்று செம்பழுப்பு மணிகள் அவர் உள்ளங்கையில் விழுந்தன. தானியத்தில் பழுத்த மனிதர் எல்லோரையும்போல அவரும் அதை வாயில் போட்டு மென்றார்.

“பழைய கேப்ப,” என்றார். “உப்புக் கரிக்குது. வண்டுக்குக் கற்பூரம் போட்டியா?”

சவுரிராயன் அடி மூடியை எடுத்துத் திரும்பச் செருகினார்.

சர்க்கார் பஞ்சக் கஞ்சித் தொட்டிக்கு இது போதும் என்றார் இன்ஸ்பெக்டர். சாக்கில் அள்ளி விழுப்புரம் மாவு மிஷினுக்கு அனுப்பி, அரைத்து, சாயங்காலமே கஞ்சி காய்ச்சிவிடலாம் என்று மாரியப்பனிடம் உத்தரவு போட்டார். பதுக்கியதற்கு அபராதம் தனி.

சவுரிராயனுக்கு அந்த நேரத்தில் கணக்கு தெளிவாகத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் மருந்து போகும், அபராதம் விழும். லைசென்ஸ் பிழைத்துக்கொள்ளும். கேப்பை பதுக்கியவனுக்குச் சட்டத்தில் மன்னிப்பு உண்டு. சர்க்கார் நம்பர் போட்ட டப்பாவை உடைத்து மருந்தைக் குதிரில் கொட்டியவனுக்கு இல்லை. சண்டைக் காலத்தில் அறவே இல்லை. மாட்டுக்கொட்டகையின் வாசனை அவர் மூக்கில் ஏறியது. அதோடு மாவு மிஷினும் கண்ணில் வந்தது. இரும்பு வாய்க்குள் சாக்கைக் கவிழ்க்கிறார்கள், கல் உரசுகிறது, கூடையோடு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

“ஐயா, அது கேப்ப இல்லீங்க,” என்றார். “துப்பாக்கி மருந்துங்க.”

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. போன வாரம் ஒருவன் நெல்லைத் தவிடு என்று சொன்னதாகவும், அதற்கு முந்தின வாரம் ஒருவன் உளுந்தை ஆட்டுப் புழுக்கை என்று சொன்னதாகவும் தெரிவித்தார். மருந்து என்றால் கொளுத்திக் காட்டு என்றார்.

சவுரிராயன் ஒரு சிட்டிகை எடுத்துப் போய், தோப்புக்கு வெளியே வெகுதூரத்தில் ஒரு கல்லின்மேல் வைத்துக் கொளுத்தினார். மஞ்சளாகப் பளிச்சென்று ஒரு சுடர், அவ்வளவுதான். சத்தம் இல்லை. புகை இல்லை. இன்ஸ்பெக்டர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டத்தில் எல்லோரும் கரி மருந்து பார்த்தவர்கள். புகை வராதது எப்படி மருந்தாகும் என்று அவர்களும் தலையை ஆட்டினார்கள். மாரியப்பன் சாக்கை விரித்தார்.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து தாண்டவராயன் பேசினார். “மருந்துதாங்க அது. போகையே வராது. நானும் மொதல்ல நம்பல.” தன் துப்பாக்கியை எடுத்துவர ஆளனுப்பினார். எல்லோர் கண்ணெதிரிலும் குதிரிலிருந்து அளந்து ஒரு தோட்டா நிரப்பினார் சவுரிராயன். தாண்டவராயன் அதை ஒரு பனைமட்டையைப் பார்த்துச் சுட்டார். மட்டை கீழே விழுந்தது. சத்தம் ஏரிக்கரை வரை போய்த் திரும்பி வந்தது.

இன்ஸ்பெக்டர் மாசிலாமணி வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு தண்ணீர் கேட்டார். அவர் இருந்த நிலைமையில் யார் கொடுத்த தண்ணீர் என்று பார்க்கவில்லை. ஜெயம் கொடுத்த செம்பை வாங்கிக் கொப்பளித்தார், இன்னொரு செம்பு கேட்டார், அதையும் கொப்பளித்தார். வயிற்றுக்குள் போனது வெடிக்குமா என்று சன்னமான குரலில் விசாரித்தார். வெடிக்காதுங்க என்றார் சவுரிராயன். அதற்குப் பிறகும் இன்ஸ்பெக்டர் வண்டியில் ஏறாமல், அதன் பின்னாலேயே மெல்ல நடந்து போனார்.

விஷயம் திண்டிவனத்துக்குப் போனது. அப்போதைய சப் கலெக்டர் இளவயசுக்காரர். மருந்தின் நிலை என்ன என்று இன்ஸ்பெக்டரிடம் ரிப்போர்ட் கேட்டார். தான் அதை மென்றதைச் சொல்ல இன்ஸ்பெக்டருக்கு மனமில்லை. வேறு எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. தனக்குப் பழகிய பாஷையிலேயே எழுதிவிட்டார்: சரக்கு நன்றாகக் காய்ந்திருக்கிறது, ஈரம் இல்லை, கல் மண் கலப்பு இல்லை, வண்டு இல்லை. சப் கலெக்டர் அதைப் படித்துவிட்டு, லைசென்ஸ்காரன் தவறு செய்தாலும் சரக்கைக் கெடுக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தார். ஆனால் மருந்து மறுபடி டப்பாவுக்குள் போக வேண்டும். வாங்கிய டப்பா ஒரு டஜனும், காலியோ நிறைந்ததோ, நம்பரோடு அவர் முன்னால் வந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த டப்பாவின் மருந்து கள்ளத்தனமாக விற்கப்பட்டது என்றுதான் அர்த்தம். லைசென்ஸ் ரத்து.

ஊருக்கு வந்து சவுரிராயன் கதையைச் சொன்னதும், ஜெயம் புளியைக் கீழே கொட்டி டப்பாவை நீட்டினாள். மிளகாயையும் கொட்டினாள். பிறகு இருவரும் தெருத்தெருவாக இறங்கினார்கள். மாதா கோயிலைக் கவனிக்கும் கோயில் பிள்ளையிடம் ஒன்று இருந்தது, மெழுகுவர்த்தித் துண்டுகளோடு. டீக்கடையில் சர்க்கரை டப்பாவாக ஒன்று. சர்க்கரை அந்த வருஷம் கிடையாது என்பதால் அது சும்மாதான் இருந்தது. ஒன்றில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரித்ததும் தருகிறேன் என்றாள் அந்த வீட்டுக்காரி. சவுரிராயன் கோழியைத் தானே தூக்கி முறத்தில் வைத்தார். கோழி அதற்குப் பிறகு அவரைப் பார்த்தாலே கொத்த வந்தது.

டஜனுக்கு ஒன்று குறைந்தது. வீரம்மாள் வாங்கிப்போன இரண்டில் ஒன்று அவள் வீட்டில் இருந்தது. மற்றது எங்கே என்று கேட்டால் அவள் கூரையைப் பார்த்தாள், கோழியைப் பார்த்தாள், ஜெயத்தின் காதில் நகை இல்லையே என்று வருத்தப்பட்டாள். கடைசியில் சொன்னாள். தாண்டவராயன் வீட்டம்மா அம்சா டப்பாவின் பளபளப்பைப் பார்த்து ஆசைப்பட்டாள். இரண்டு மரக்கால் மல்லாட்டைக்குக் கொடுத்துவிட்டேன். எங்கே வாங்கினாய் என்று கேட்டதற்குச் சந்தையில் என்று சொல்லிவிட்டேன்.

“அதுல இன்னா போட்டு வெச்சிக்கிறாங்க?” என்று ஜெயம் கேட்டாள்.

“ஊறுகா,” என்றாள் வீரம்மாள்.

சவுரிராயன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் நின்ற இடத்தில் சாணி தெளிக்கிற வீடு அது. அவர் வீட்டுத் தகரத்தில் போட்ட ஊறுகாயை அவர்கள் இரண்டு வருஷமாகத் தினம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதைப் போய்ச் சொல்லாவிட்டால் லைசென்ஸ் போகும். சொன்னால் என்ன போகும் என்று அவரால் யோசிக்கக்கூட முடியவில்லை.

“போய்யா,” என்றாள் ஜெயம். “தின்னது அவங்க. நீ ஏன் நடுங்குற?”

போனார். தெருவில் நின்று குரல் கொடுத்தார். தாண்டவராயன் வந்தார், அவர் பின்னால் கதவோரம் அம்சா வந்து நின்றாள். சவுரிராயன் சப் கலெக்டரின் உத்தரவைச் சொன்னார். தாரா படம் போட்ட டப்பா, அடியில் நம்பர் என்று அடையாளம் சொன்னார். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்சா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“அது எங்கூட்டு டப்பாங்க,” என்றார் சவுரிராயன். “நாலு நாள் குடுத்தா காட்டிட்டு…”

தாண்டவராயன் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக் கணக்குப் போட்டார். டப்பா போனால் ஊறுகாய் விஷயம் வெளியே வரலாம். டப்பா போகாவிட்டால் லைசென்ஸ் போகும், லைசென்ஸ் போனால் தோட்டா போகும். கொல்லையில் மல்லாட்டை இறங்குகிற பருவம். முந்தின ராத்திரிகூடப் பன்றி வந்து போயிருந்தது.

“உள்ள கீறத இன்னா பண்றது?” என்று அம்சா மெல்லக் கேட்டாள்.

“ஜாடியில மாத்து,” என்றார் தாண்டவராயன். பிறகு சவுரிராயனைப் பார்த்தார். “சந்தையில வாங்கினது. தெரியுதா?”

“சந்தையிலதாங்க,” என்றார் சவுரிராயன்.

அந்த டப்பாவை ஜெயம் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், சீயக்காய் போட்டுத் தேய்த்தாள், வெயிலில் காயவைத்தாள். மாங்காயும் வெந்தயமும் போகவே இல்லை. குதிரில் மிச்சமிருந்த மருந்து மற்ற டப்பாக்களிலேயே அடங்கிவிட்டதால் அதைக் காலியாகவே கொண்டுபோனார்கள். திண்டிவனத்தில் சப் கலெக்டர் ஒவ்வொரு நம்பராகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி டப்பாவைத் திறந்ததும் நிறுத்தி, மறுபடி முகர்ந்து, இது என்ன என்று கேட்டார்.

சவுரிராயன் கொடுத்த வாக்கை நினைத்துக்கொண்டார். “தெரியலீங்க. சந்தையில போயிட்டு வந்த டப்பாங்க,” என்றார்.

சப் கலெக்டர் அந்தக் காலி டப்பாவைக் கச்சேரியிலேயே வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நிபந்தனைகளின் கடைசியில் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார். மேற்படி மருந்தை மண் குதிரில் வைக்கக் கூடாது. அந்த மாதிரி ஒரு நிபந்தனை வேறு எந்த லைசென்ஸிலும் கிடையாது என்பதில் சவுரிராயனுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். கண்ணாடிச் சட்டத்தை மாட்டும்போது அந்த வரி வெளிச்சம் படும் பக்கமாகப் பார்த்து மாட்டினார்.

காலியான குதிரை இடிக்க வேண்டாம் என்றாள் ஜெயம். நன்றாகத் துடைத்து, அடியில் புதுமண் பூசி, அடுத்த அறுப்பில் கூலியாக வந்த கேப்பையைக் கொட்டினாள். அது முழங்கால் உயரத்துக்குக்கூட வரவில்லை. இருந்தாலும் வேப்பிலை போட்டாள்.

பன்றிப் பருவத்தில் தாண்டவராயன் தோட்டா வாங்கச் சேரித் தெருவுக்கு வந்தார். வழக்கமான இடத்தில் நின்றார், தோட்டாக்களை எண்ணி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஆனாலும் போகாமல் நின்றார். தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

“சவுரிராயா,” என்றார். “டப்பா ஏதாவது காலியாச்சின்னா சொல்லு. ஜாடியில போட்டா அந்த ருசி வரலன்னு அவ பேஜாரு பண்றா.”